செல்லுக்குள் ஒளிந்த பாக்டீரியாவும் ஒரு ஜெலட்டின் படலமும்

ஆன்டிபயாடிக் முழு கோர்ஸும் முடிந்தது, பரிசோதனையில் கிருமி இல்லை, காய்ச்சலும் போய்விட்டது. சில வாரமோ சில மாதமோ கழித்து அதே கிருமி, அதே இடத்தில் திரும்ப வருகிறது. கிருமி மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது என்றுதான் முதலில் சந்தேகம் போகும், எடுத்துச் சோதித்தால் அதே மருந்துக்கு அது ஒழுங்காகச் செத்துப்போகிறது. அப்படியானால் இவ்வளவு நாள் எங்கே இருந்தது? இதற்குச் சில நேரம் கிடைக்கும் பதில்: நம்முடைய செல்லுக்குள்ளேயே இருந்தது, மருந்து அங்கே போகவில்லை, அல்லது போயும் போதுமான அளவு சேரவில்லை.

செல்லுக்குள் வாழும் பாக்டீரியாவைப் பற்றி எழுதும்போது மருந்து, மரபணு, நோயெதிர்ப்பு என்றுதான் பேச்சு போகும். இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் ஒரு கண்ணாடி வில்லையைப் பற்றி. ஒரு அங்குல அகலம்கூட வேண்டாம், நடுவில் மிக மெல்லிய ஒரு ஜெலட்டின் படலம், அதன் வேலை ஒரே ஒரு நிறத்தைத் தடுத்து மற்றதையெல்லாம் விடுவது. ஹோலோகிராபிக் நாட்ச் ஃபில்டர் என்று ஆய்வகங்களில் சொல்வார்கள். உயிருள்ள செல்லுக்குள் கிருமி என்ன செய்கிறது என்று சாயம் போடாமல் பார்க்கும் ஆராய்ச்சி இன்றைய நிலைக்கு வந்ததில் லேசருக்கும் கேமராவுக்கும் கிடைக்கிற பேர் இந்த வில்லைக்குக் கிடைப்பதில்லை. என் கணக்கில் அதற்குப் பாதிப் பங்காவது சேர வேண்டும்.

முதலில் கிருமிகள் பக்கம் பார்த்துவிடலாம். நம் உடலில் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணு உண்டு, அதன் தொழிலே வந்த கிருமியை விழுங்கிச் செரிப்பது. விழுங்கிய கிருமி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடும், அந்தப் பை அமிலமும் நொதியும் நிறைந்த லைசோசோமோடு சேரும், கதை முடிந்தது. காசநோய்க் கிருமி இந்தச் சேர்க்கையையே தடுத்துவிடுகிறது, பை சேராமலே நிற்கும், உள்ளே அது நிம்மதியாக இருக்கும், 1971-லேயே இதைக் கண்டுகொண்டார்கள். லிஸ்டீரியாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, பையின் சவ்வில் ஓட்டை போடும் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே குதித்து, செல்லின் சொந்த ஆக்டின் இழைகளையே தனக்குப் பின்னால் வால் மாதிரி கட்டிக்கொண்டு, அந்த உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குள் நேரடியாகப் பாய்கிறது. இப்படிச் செல்லிலிருந்து செல்லுக்குப் பாயும்போது வெளியே ரத்தத்திலோ திசு நீரிலோ தலைகாட்டுவதே இல்லை. லீஜியோனெல்லா, அதாவது 1976-இல் பிலடெல்பியாவில் அமெரிக்கன் லீஜியன் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே நிமோனியாவாகப் பரவியபோது வெளிச்சத்துக்கு வந்த கிருமி, 300-க்கும் மேற்பட்ட புரதங்களைச் செல்லுக்குள் ஊசி போடுவது போலச் செலுத்தித் தன் பையைத் தானே வடிவமைத்துக்கொள்கிறது. இயற்கையில் அது நீரில் வாழும் அமீபாக்களுக்குள் இருந்து பழகியது, நம் நுரையீரல் மேக்ரோஃபேஜ் அதற்கு இன்னொரு அமீபா, அவ்வளவுதான். காக்ஸியெல்லா இவர்கள் எல்லாருக்கும் நேரெதிர், அமிலப் பையைத் தவிர்க்காமல் அதற்குள்ளேயே செழிக்கிறது.

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கதைதான் எனக்கு மிகவும் சுவாரசியம். அதை ரொம்ப காலம் செல்லுக்கு வெளியே வாழும் கிருமி என்றுதான் பாடப்புத்தகங்கள் வகைப்படுத்தின. ஆனால் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள், எலும்பு செல்கள், வெள்ளையணுக்கள் என்று பலவற்றுக்குள்ளும் அது நுழைந்து தாக்குப்பிடிக்கிறது, சில சமயம் வளர்ச்சியை மிகவும் குறைத்துக்கொண்டு மெல்ல வளரும் சின்ன காலனி வகையாக மாறிவிடுகிறது. எலும்புத் தொற்று ஆறியது போலத் தெரிந்து திரும்ப வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுவாகவே இருக்கிறது.

மருந்தும் இங்கே சிக்கலாகிறது. ஜென்டாமைசின் செல் சவ்வைத் தாண்டி மிக மெதுவாகத்தான் போகும். பெனிசிலின் குடும்பம் உள்ளே போகும், ஆனால் தேங்காது. அசித்ரோமைசின் செல்லுக்குள் ஏராளமாகச் சேரும், சேருகிற இடம் அமிலமான லைசோசோம், அமிலத்தில் அதன் வேகம் குறைந்துவிடும். செல்லுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளப்பது மட்டும் போதாது, கிருமி உட்கார்ந்திருக்கிற அதே பையில் எவ்வளவு, அங்கே கிருமி அப்போது எந்த நிலையில் என்று தெரிய வேண்டும். 2015-இல் ஆன்டிபாடியோடு ஆன்டிபயாடிக்கை இணைத்து, செல்லுக்குள் போனபிறகுதான் மருந்து விடுபடும்படி செய்து, ஸ்டாஃபைலோகாக்கஸை உள்ளேயே கொல்லும் முயற்சி ஒன்று வெளிவந்தது. நல்ல யோசனை. அந்த வழியில் போகிற யாருக்கும் ஒவ்வொரு கிருமியாக உள்ளே பார்க்கும் வசதி வேண்டும்.

பார்ப்பதற்கு இருந்த வழி என்ன? ஜென்டாமைசின் உள்ளே எளிதில் போகாது என்பதையே பயன்படுத்தி ஒரு பழைய சோதனை உண்டு: செல்களில் கிருமியைத் தொற்றவைத்து, ஜென்டாமைசின் ஊற்றி வெளியே இருப்பதையெல்லாம் கொன்றுவிட்டு, பிறகு செல்களை உடைத்து, உள்ளேயிருந்து வந்ததைத் தட்டில் வளர்த்து எண்ணுவது. மலிவானது, நம்பகமானது, இன்றும் எல்லாரும் செய்கிறார்கள். கிடைப்பது ஒரு சராசரி எண் மட்டும். ஒரு செல்லில் 50 கிருமி இருந்து இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்றாலும், உள்ளே இருப்பதில் பாதி தூங்கிக்கொண்டிருந்தாலும், அந்த எண்ணில் தெரியாது. தூங்குகிற கூட்டம் முக்கியம் என்பதை 2014-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு சால்மோனெல்லாவில் காட்டியது. மேக்ரோஃபேஜுக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே ஒரு பகுதி கிருமிகள் பெருகாமல் நின்றுவிடுகின்றன, மருந்துக்கும் தப்பிக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க அவர்கள் கிருமிக்குள் ஒளிரும் புரதம் வைத்து, பிரிந்து பெருகும்தோறும் அந்த ஒளி நீர்த்துப்போவதை அளந்தார்கள். அழகான உத்தி. ஆனால் மரபணுவை மாற்ற முடிந்த கிருமிக்குத்தான் அது சரிவரும், நோயாளியிடமிருந்து நேராக வந்த கிருமிக்கு ஒளிரும் புரதம் வைத்துக்கொண்டிருக்க முடியாது. சாயம் போட்டாலும் சாயம் எங்கே ஒட்டியதோ அதுதான் தெரியும், ஒட்டாத எதுவும் இல்லாதது போலவே இருக்கும்.

சாயம் இல்லாமல், கிருமியின் சொந்த வேதியியலையே படிக்க ஒரு வழி ராமன் சிதறல். ஒரு மூலக்கூறின் மேல் லேசர் ஒளி விழுந்தால், சிதறும் ஒளியில் கிட்டத்தட்ட எல்லாம் வந்த நிறத்திலேயே திரும்பிவிடும். மிக அரிதாக ஒரு ஃபோட்டான் மட்டும் தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, சற்றே சிவந்து வெளியேறும். எவ்வளவு சிவக்கிறது என்பது எந்தப் பிணைப்பு அதிர்ந்தது என்பதைப் பொறுத்தது. இந்தச் சிவப்பை அலையெண் என்ற அலகில் சொல்வார்கள், ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை அடங்கும் என்ற கணக்கு. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் வளையம் 1004-இல் ஒரு கூர்மையான முகடு தரும், புரதம் இருக்கிற இடமெல்லாம் அது தெரியும். டிஎன்ஏ, ஆர்என்ஏ 785-க்கு அருகில். கொழுப்பு 2850 பக்கம், புரதம் 2930 பக்கம். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸின் பொன்னிற நிறமி ஒரு கரோட்டினாய்டு, அது 1160-க்கும் 1520-க்கும் அருகில் முகடு காட்டும். தண்ணீர் இதில் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, அகச்சிவப்பு நிறமாலையில் செல்லைப் படிக்க முயன்று தண்ணீரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

சரி, பிரச்சினை எங்கே? அரிதாக என்று சொன்னேனே, அந்த அரிது எவ்வளவு என்பதில். 532 நானோமீட்டர் பச்சை லேசர் 10 மில்லிவாட் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 27 ஆயிரம் லட்சம் கோடி ஃபோட்டான்கள். ராமன் முறையில் சிதறுவது பல லட்சத்தில் ஒன்று, பல கோடியில் ஒன்று என்ற அளவில், அதிலும் எல்லாத் திசையிலும் சிதறியதில் லென்ஸுக்குள் வந்த பங்குதான் நமக்கு. நிறத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை: 1004 முகடு என்பது 532-இல் இருந்து 562 நானோமீட்டருக்கு நகர்வது, வெறும் 30 நானோமீட்டர். இன்னும் கிட்ட, 150 அலையெண்ணில் இருக்கிற முகடு 4 நானோமீட்டர்தான் தள்ளி நிற்கும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டுக்கு ஒட்டியபடி பறக்கும் மின்மினியைப் பார்ப்பது மாதிரியான வேலை. கேமராவை எவ்வளவு நுட்பமாக்கினாலும் பயனில்லை, நுட்பமான கேமரா லேசர் ஒளியில்தான் முதலில் மூழ்கும். லேசரின் சக்தியைக் கூட்டவும் முடியாது, செல் செத்துவிடும்.

ஆக முதல் வேலை வேண்டாத ஒளியைத் தூக்கிப்போடுவது. முன்பு இதற்கு இரட்டை, மும்மை மோனோகுரோமேட்டர்கள் வைத்திருந்தார்கள். ஒளியை கிரேட்டிங்கால் (நெருக்கமான கோடுகள் கீறிய தகட்டால்) நிறம் நிறமாகப் பிரித்து, ஒரு சின்னப் பிளவு வழியே விட்டு, மறுபடி சேர்த்து, மறுபடி பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் லேசர் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து எடுப்பார்கள். மேசை நிறைய இடம் அடைக்கும் கருவி. லேசர் ஒளி போகும்தான், கூடவே அந்த அரிதான ராமன் ஒளியிலும் பெரும் பகுதி கண்ணாடிகளிலும் கிரேட்டிங்குகளிலும் பட்டுப் பட்டுத் தொலைந்துபோகும். ஒரு திரவத்தையோ படிகத்தையோ மணிக்கணக்கில் அளக்கலாம், பரவாயில்லை. ஒரு மைக்ரான் அளவுள்ள ஒரு பாக்டீரியாவிலிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டு என்ன படிப்பது?

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ராமன் விளைவு பிறந்ததே இரண்டு வடிகட்டிகளுக்கு நடுவில்தான். 1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் செய்த சோதனையில் லேசர் ஏது, சூரிய ஒளிதான். அதை ஒரு நீல-ஊதா வடிகட்டி வழியே திரவத்துக்குள் செலுத்தி, வெளியே வருவதை இன்னொரு வடிகட்டியால் பார்த்தார்கள். முதலாவது விடும் நிறத்தை இரண்டாவது முழுக்கத் தடுக்கும், அதாவது நிறம் மாறாவிட்டால் இருட்டுதான் தெரிய வேண்டும். இருட்டாக இல்லை. சுமார் 60 திரவங்களில் பார்த்ததாக நேச்சர் இதழுக்கு எழுதினார்கள், 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது. அந்தச் சோதனைக்குப் பட்டையான நிற வடிகட்டி போதுமாக இருந்தது, செல்லுக்குள் இருக்கும் கிருமிக்குத் தேவைப்பட்டது அதே யோசனைதான், ஆயிரம் மடங்கு கூர்மையாக.

அந்தக் கூர்மை வந்த வழி வேறொரு நோபல் பரிசிலிருந்து தொடங்குகிறது. 1908-இல் இயற்பியல் பரிசு கேப்ரியல் லிப்மனுக்கு, வண்ணப் புகைப்படத்துக்காக. அவர் சாயமே பயன்படுத்தவில்லை. புகைப்படப் படலத்துக்குப் பின்னால் பாதரசத்தைக் கண்ணாடியாக வைத்தார், உள்ளே வந்த ஒளியும் திரும்பிய ஒளியும் குறுக்கிட்டுப் படலத்தின் ஆழத்தில் அடுக்கடுக்காகப் பதிந்தன, அந்த அடுக்குகள் பிறகு அதே நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பின. அதே ஆண்டின் மருத்துவப் பரிசு யாருக்கு என்று பார்த்தால் சிரிப்புதான் வரும்: விழுங்கும் வெள்ளையணுக்களைக் கண்டுசொன்ன மெச்னிகோஃபுக்கும், நுண்ணுயிரியலுக்குச் சாயமேற்றும் கலையைக் கற்றுத்தந்தவர்களில் ஒருவரான பால் எர்லிக்குக்கும். விழுங்கும் செல், சாயம், சாயமில்லாத நிறம், மூன்றும் ஒரே வருடப் பட்டியலில் இருந்தன. அவை ஒரே மேசைக்கு வர இன்னும் 80 வருடத்துக்கு மேல் ஆனது.

இடையில் டென்னிஸ் கேபர் 1940-களின் பிற்பகுதியில் ஹோலோகிராபியை உருவாக்கினார். 1962-இல் சோவியத் ஒன்றியத்தில் யூரி டெனிசியுக் லிப்மனின் அடுக்குகளையும் ஹோலோகிராமையும் இணைத்தார், எதிரெதிர்த் திசையில் வரும் இரண்டு கற்றைகள் படலத்தின் ஆழத்தில் அடுக்குகளை எழுதும் முறை. 1968-இல் பெல் ஆய்வகத்தின் ஷாங்காஃப் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு கலந்த ஜெலட்டினில் மிகத் தெளிவான ஹோலோகிராம்கள் வரும் என்று காட்டினார், அடுத்த வருடமே அதே ஆய்வகத்தின் கோகல்னிக் தடித்த ஹோலோகிராம் எவ்வளவு ஒளியைத் திருப்பும், எவ்வளவு குறுகிய நிறப்பட்டையைத் திருப்பும் என்று கணக்கிடும் கோட்பாட்டைக் கொடுத்தார். போர் விமானங்களில் விமானியின் கண்ணுக்கு நேரே தகவல் காட்டும் கண்ணாடிகளுக்கும் இந்த ஜெலட்டின் ஹோலோகிராம்கள் பயன்பட்டன. இங்கே ஹோலோகிராம் என்றதும் மிதக்கும் முப்பரிமாணப் படத்தை யாரும் கற்பனை செய்ய வேண்டாம். இந்த வடிகட்டியில் படம் எதுவும் பதிந்திருக்காது, அடுக்குகள் மட்டும்தான்.

செய்முறை கேட்கச் சுலபம். கண்ணாடித் தகட்டில் ஜெலட்டினைப் பூசி, டைகுரோமேட்டால் அதை ஒளிக்கு உணர்வுள்ளதாக்கி, இரண்டு லேசர் கற்றைகளை அதற்குள் மோதவிட வேண்டும். ஒளி கூடிய இடத்தில் ஜெலட்டின் இறுகும், குறைந்த இடத்தில் இறுகாது. தண்ணீரில் ஊறவைத்து, ஆல்கஹாலில் வேகமாக உலர்த்தினால் இறுகிய அடுக்குக்கும் இறுகாத அடுக்குக்கும் ஒளிவிலகல் எண் வேறுபடும். 532 நானோமீட்டரைத் தடுக்க அடுக்குகளுக்கு இடையே ஏறக்குறைய 177 நானோமீட்டர், இது அலைநீளத்தை ஒளிவிலகல் எண்ணின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும் கணக்கு. ஒவ்வோர் அடுக்கும் அந்த ஒரு நிறத்தைத் துளித் துளியாகத் திருப்பும், நூற்றுக்கணக்கான அடுக்குகள் ஒரே தாளத்தில் திருப்பும்போது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகாது என்ற அளவுக்கும் கொண்டுபோகலாம். தடுக்கும் பட்டையின் அகலம் 10 நானோமீட்டர் அளவு. பக்கத்து நிறங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் தாண்டிப் போய்விடும். அடுக்கு மாற்றம் படிக்கட்டாக இல்லாமல் அலைபோல மெல்ல ஏறி இறங்குவதால், சாதாரண அடுக்குப் பூச்சு வடிகட்டிகளில் வரும் வேண்டாத பக்கப்பட்டைகளும் இதில் பெரிதாக வராது.

ஜெலட்டினைப் பற்றி இன்னொன்று. 1880-களின் தொடக்கத்தில் ராபர்ட் கோக் பாக்டீரியாவைத் தனித்தனிக் காலனியாக வளர்க்க முதலில் பயன்படுத்தியதும் இதே ஜெலட்டின்தான், வெப்பத்தில் உருகியும் சில கிருமிகள் அதையே தின்று கரைத்தும் தொல்லை கொடுத்ததால் ஃபேன்னி ஹெஸ்ஸெயின் யோசனைப்படி அகருக்கு மாறினார்கள். நுண்ணுயிரியல் வெளியே தள்ளிய பொருள் நூறு வருடம் கழித்து மைக்ரோஸ்கோப்பின் ஒளிப்பாதை வழியே திரும்ப உள்ளே வந்திருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் இருந்த கைசர் ஆப்டிகல் சிஸ்டம்ஸ் போன்ற இடங்களிலிருந்து இந்த நாட்ச் வடிகட்டிகள் ராமன் கருவிகளுக்குள் வந்தபோது நடந்தது ஒரு எளிய கூட்டல் கழித்தல்தான். மும்மை மோனோகுரோமேட்டரின் இரண்டு கட்டங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு வில்லையை வைத்தார்கள், பின்னால் ஒரே ஒரு கிரேட்டிங், ஒரு சிசிடி கேமரா. பல கருவிகளில் அந்த கிரேட்டிங்கும் ஹோலோகிராம் முறையில் செய்ததாகவே இருந்தது. கருவி சுருங்கியது, ஒளி பல மடங்கு கூடியது. இதற்குச் சற்று முன், 1990-இல், நெதர்லாந்துக் குழு ஒன்று தனித்தனி உயிருள்ள செல்களையும் குரோமோசோம்களையும் குவித்த புள்ளியிலிருந்து வரும் ஒளியை மட்டும் எடுக்கும் கன்ஃபோக்கல் ராமன் மைக்ரோஸ்கோப்பில் அளந்து நேச்சரில் வெளியிட்டிருந்தது, 514.5 நானோமீட்டர் பச்சை லேசர் செல்லைச் சிதைக்கிறது, 660 நானோமீட்டர் சிவப்பு சிதைப்பதில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். செல்லைக் கொல்லாத மிதமான ஒளி, அதிலிருந்து வருவதில் ஒரு துளியும் வீணாகாத பாதை, இரண்டும் ஒன்றாகக் கிடைத்த பிறகுதான் நோய்க்கிருமிக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் என்ன தெரிந்தது? 2015-இல் ஜெர்மனியின் ஜெனா நகர ஆய்வாளர்கள் ரத்தக்குழாய் உட்சுவர் செல்களுக்குள் போன ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸை எந்தச் சாயமும் இல்லாமல் ராமன் படமாக எடுத்தார்கள். செல்லின் மேல் புள்ளி புள்ளியாக லேசரை நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு நிறமாலை. ஒரு புள்ளியில் வருவது செல்லின் புரதமும் கொழுப்பும் கிருமியும் எல்லாம் கலந்த ஒளி, அதைக் கணிதத்தால் கூறுகூறாகப் பிரித்து, இது நியூக்ளியஸ், இது கொழுப்பு, இது கிருமி என்று வரைபடம் போடுவார்கள். பாக்டீரியாவில் டிஎன்ஏ-வும் ரைபோசோமும் மிக நெருக்கமாக இருப்பதால் அதன் நிறமாலை சுற்றியிருக்கும் சைட்டோபிளாசத்திலிருந்து விலகித் தெரியும். ஆழத்திலும் நகர்த்தலாம் என்பதால் கிருமி செல்லின் மேல் ஒட்டியிருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்ற கேள்விக்கும் வழி கிடைக்கிறது. சாயம் போட்டுப் பார்ப்பவர்களின் பழைய தலைவலி இது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஐசோடோப்பு வழி, அதாவது ஒரே தனிமத்தின் கனமான வகையை அடையாளமாக வைக்கும் வழி. சாதாரண கார்பனுக்குப் பதிலாகக் கார்பன்-13 கொண்ட ஃபினைல்அலனினைக் கொடுத்தால், அதைத் தின்ற கிருமியின் 1004 முகடு சுமார் 967-க்கு நகரும், அணு கனமானால் அதிர்வு மெதுவாகும், அவ்வளவுதான் தத்துவம். நகர்ந்தால் தின்றது, தின்றால் உயிரோடு வேலை செய்கிறது. 2010-இல் வியன்னாவிலிருந்து வந்த ஆய்வில் அமீபாக்களுக்குள் வாழும் கிளமிடியா உறவுக்காரக் கிருமி ஒன்றில் இதைச் செய்தார்கள். கிளமிடியாக்கள் செல்லுக்கு வெளியே வரும்போது சின்ன உருண்டையாகச் சுருங்கிவிடும், அந்த நிலையில் அவை செயலற்றவை, வெறும் விதைபோலக் கிடப்பவை என்று வெகுகாலம் நம்பினார்கள். ராமன் முகடு நகர்ந்தது. வெளியே இருக்கும்போதும் அவை நீண்ட காலம் வளர்சிதை மாற்றம் செய்துகொண்டிருந்தன. 2015-இல் கனநீரை, அதாவது ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் கொண்ட தண்ணீரைக் கொடுத்து இதையே இன்னும் எளிதாக்கினார்கள், உயிரோடு வேலை செய்யும் எந்தக் கிருமியும் தண்ணீரின் டியூட்டீரியத்தைத் தன் கொழுப்பிலும் புரதத்திலும் சேர்க்கும், கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பு 2040-க்கும் 2300-க்கும் இடையே முகடு காட்டும், அந்தப் பகுதியில் செல்லின் வேறெதுவும் பெரிதாகக் குறுக்கிடாது. தூங்கும் சால்மோனெல்லாவைத் தேட மரபணு மாற்றம் தேவைப்பட்டதே, அந்த வகைக் கேள்வியை மரபணுவைத் தொடாமல் கேட்க இது வழி.

ஜெலட்டின் வடிகட்டிக்கும் குறைகள் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஈரம் பட்டால் அடுக்குகள் வீங்கும், அதனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டி அடைத்து வைப்பார்கள், அப்படியும் வருடங்கள் போகப்போகத் தடுக்கும் திறன் குறையும். லேசர் சற்றுச் சாய்ந்து விழுந்தால் தடுக்கும் நிறமே குட்டை அலைநீளம் பக்கம் நகர்ந்துவிடும், கருவியைச் சரிசெய்கிறவர் வில்லையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருப்பிக்கொண்டிருப்பது இதனால்தான். 2000-க்குப் பிறகு அயனிக் கற்றையால் கடினமான ஆக்சைடு அடுக்குகளைப் பூசும் எட்ஜ் வடிகட்டிகள் வந்து, லேசருக்குச் சிவப்புப் பக்கம் இருப்பதை மட்டும் விட்டு மற்றதை வெட்டும் வேலையை நிரந்தரமாகச் செய்யத் தொடங்கின. இன்றைய உயிரியல் ராமன் கருவிகளில் பெரும்பாலும் அவைதான். ஆனால் ஹோலோகிராம் முறை செத்துவிடவில்லை, ஜெலட்டினை விட்டுக் கண்ணாடிக்குப் போய்விட்டது. வெள்ளியும் சீரியமும் ஃப்ளோரினும் சேர்த்த ஒரு சிலிக்கேட் கண்ணாடியில் புற ஊதா ஒளியால் அடுக்குகளை எழுதி, சூடாக்கினால் உள்ளே சோடியம் ஃப்ளோரைடு நுண்படிகங்கள் உருவாகி அடுக்குகள் நிரந்தரமாகிவிடும். இந்த வடிகட்டிகளில் தடுக்கும் பட்டை 10 அலையெண்ணுக்கும் குறுகியது. லேசருக்கு மிக ஒட்டிய அதிர்வுகளையும் பார்க்கலாம், இருபக்கமும் பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் மருத்துவமனைக்கு இது ஏன் இன்னும் வரவில்லை? மெதுவானது, அதுதான் முதல் காரணம். நூறுக்கு நூறு புள்ளி, புள்ளிக்கு ஒரு நொடி என்றால் ஒரே செல்லுக்கு ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம், அதற்குள் உயிருள்ள லிஸ்டீரியா எங்கேயோ போயிருக்கும். அதனால் பல ஆய்வுகளில் ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய செல்களைத்தான் அளக்கிறார்கள், காக்ஸியெல்லா மாதிரி ஆபத்தான கிருமியென்றால் அதுவே பாதுகாப்பும்கூட, ஆனால் நிலைப்படுத்தல் நிறமாலையைக் கொஞ்சம் மாற்றும். இரண்டு லேசர்களை ஒன்றாகப் பாய்ச்சிப் படமெடுக்கும் தூண்டப்பட்ட ராமன் முறை 2008 வாக்கில் வந்து வேகத்தைப் பல மடங்கு கூட்டியது, பதிலுக்கு வழக்கமாக ஒன்றிரண்டு முகடுகளை மட்டுமே பார்க்கும். செல்லின் சொந்த ஒளிர்வு இன்னொரு பகை, லேசர் ஒளியை வடிகட்டி தடுக்கும், ஒளிர்வு ராமன் ஒளியின் நிறத்திலேயே வருவதால் அதை எந்த வடிகட்டியும் தடுக்க முடியாது. 785 நானோமீட்டருக்குப் போனால் ஒளிர்வு குறையும், ராமன் ஒளியும் 532-ஐ ஒப்பிட ஏறக்குறைய 4.7 மடங்கு குறையும்.

ராமனோடு செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து, செல்லுக்குள் இருக்கும் கிருமி எது, எந்த மருந்துக்குச் சாகும் என்று நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்ற வகைச் செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது துல்லிய விழுக்காட்டை இல்லை. நிறமாலைகள் எத்தனை என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரே செல்லிலிருந்து ஆயிரம் நிறமாலை எடுத்துவிட முடியும். எத்தனை தனித்தனி வளர்ப்புகள், எத்தனை நாட்கள், பயிற்சிக்கு வைத்ததும் சோதனைக்கு வைத்ததும் வேறு வேறு நாளில் தொற்றவைத்த செல்களா, கருவியை நடுவில் மறுபடி சீரமைத்தார்களா என்று பார்ப்பேன். வடிகட்டி ஒரு துளி சாய்ந்தாலே நிறமாலையின் தொடக்கப் பகுதி மாறிவிடும். திங்கட்கிழமை தொற்றிய செல்லையும் செவ்வாய்க்கிழமை அளந்த தொற்றாத செல்லையும் கணினி மிக அழகாகப் பிரித்துக் காட்டும், அது பிரித்தது கிருமியை வைத்தா கிழமையை வைத்தா என்று அந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில்தான் தெரியும்.